நடுவயதில் முதல் பெரிய பைக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

45 வயதில்தான் நான் பெரிய பைக் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அது தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். கேட்பவர் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: 120 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி எப்படிப் பறக்கும் என்று பார்த்து முதல் பெரிய பைக்கை வாங்காதீர்கள். 0 முதல் 20 வரை அதை உங்களால் சமாளிக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எனக்கு 48 வயசு ஆகுது. இனிமே போய் பெரிய பைக் கத்துக்கலாமா, இல்ல ஆசையோட விட்டுடணுமா?

கற்றுக்கொள்ளலாம். இருபது வயதுக்காரரைவிடக் கொஞ்சம் மெதுவாகக் கை பழகும், அவ்வளவுதான். பல வருடம் கார் ஓட்டியிருந்தால் சாலையைப் படிக்கத் தெரிந்திருக்கும். எந்தச் சந்திலிருந்து எது வரும் என்று முன்கூட்டியே ஊகிக்கும் பழக்கம் இருக்கும். பொறுமையும் இருக்கும். பைக்கில் இவை பெரிய சொத்து.

உடம்பு மாறியிருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். இரவில் எதிர்வரும் விளக்கு முன்பைவிடக் கூசும். கழுத்து முழுதாகத் திரும்பாது. விழுந்தால் ஆறுவதற்கு நாளாகும். வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே இவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், வயது ஒரு தடையாக இருக்காது.

பெரிய பைக்னா எத்தனை சிசி? 350 பெரிசா, 650 பெரிசா?

சிசி மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். சிசி, குதிரைத்திறன், எடை மூன்றும் தனித்தனி விஷயங்கள். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 20 குதிரைத்திறன் தருகிறது. எடையோ 195 கிலோ. கவாசாகி நின்ஜா 400 அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி கொண்டது. எடை 168 கிலோதான். அதே என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650 சுமார் 47 குதிரைத்திறன். 1000 சிசி சூப்பர்பைக்குகளில் பல 200 குதிரைத்திறனைத் தொடுகின்றன, எடையில் இன்டர்செப்டரைவிடக் குறைவாக இருந்துகொண்டே.

இதில் 47 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். ஐரோப்பாவில் ஏ2 என்ற இடைநிலை உரிமத்துக்கான வரம்பு 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைத்திறன். முழு உரிமத்துக்குப் போவதற்கு முன் இதற்குள் பழகட்டும் என்பதுதான் அதன் நோக்கம். 24 வயதானவர் நேரடியாக முழு உரிமமே வாங்கலாம், அதனால் நடுவயதுக்காரரை அந்த வரம்பு கட்டாயப்படுத்தாது. இருந்தாலும் புதிதாக ஓட்டுபவருக்கு அது நல்ல அளவுகோல் என்றே நினைக்கிறேன். 20 முதல் 47 குதிரைத்திறனுக்குள் இருக்கும் வண்டி நெடுஞ்சாலைக்கும் போதும், தவறு செய்தால் திருத்திக்கொள்ள நேரமும் தரும்.

காலேஜ் படிக்கும்போது 100 சிசி ஓட்டினேன். பேலன்ஸ் எல்லாம் மறக்காது இல்ல? நேரா 650 எடுத்துடலாமா?

பேலன்ஸ் மறக்காது. ஆனால் அந்த வண்டியின் அளவுக்குத்தான் உங்கள் கை பழகியிருக்கும். 110 கிலோ வண்டி சாயும்போது காலை ஊன்றி இழுத்து நிறுத்திவிடலாம். 215 கிலோ வண்டி ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் பிடிக்க முடியாது. பிடிக்கப் போனால் முதுகோ முழங்காலோ போய்விடும். பழைய நினைவு 'பிடித்துவிடலாம்' என்றுதான் சொல்லும். அதை நம்பக் கூடாது.

1981-இல் அமெரிக்காவில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட்டின் குழு வெளியிட்ட விபத்து ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தார்கள். விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கும் மேலானவர்கள், விபத்தின்போது ஓட்டிய அந்த வண்டியில் ஐந்து மாதத்துக்கும் குறைவான அனுபவம் கொண்டவர்கள். மொத்தமாகப் பார்த்தால் ஏறத்தாழ மூன்று வருடம் சாலையில் ஓட்டியவர்கள் அவர்கள். ஆக, பழைய அனுபவம் அப்படியே புது வண்டிக்கு வந்துவிடுவதில்லை. 650 எடுக்கலாம், தவறில்லை. ஆனால் முதல் ஐந்து மாதமும் உங்களைப் புதியவர் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மாத்தறதுக்குப் பதிலா, முதல்லயே பெரிசா எடுத்துட்டா செலவு மிச்சம்தானே?

கணக்கு சரி மாதிரித் தெரியும். ஆனால் அளவுக்கு மீறிய வண்டி வாங்கியவர்களில் பலர் அதை ஓட்டுவதே இல்லை என்பதை நான் பார்த்திருக்கிறேன். வெளியே எடுக்கும்போதெல்லாம் ஒரு பதற்றம். நெரிசல் என்றால் வேண்டாம், மழை என்றால் வேண்டாம், வழியில் திருப்ப இடம் இருக்காது என்றால் வேண்டாம் என்று கடைசியில் உறை போட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். கை பழகுவது ஓட்டிய நேரத்தைப் பொறுத்தது. தினமும் எடுக்கத் தோன்றும் வண்டிதான் உங்களைச் சீக்கிரம் தேற்றும்.

என் உயரம் கம்மி. சீட்ல உட்கார்ந்தா முழுப் பாதமும் தரையில படணுமா?

இரண்டு முன்பாதமும் உறுதியாக ஊன்றினால் போதும்; அல்லது கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து ஒரு பாதம் முழுதாக ஊன்றினாலும் போதும். விரல் நுனி மட்டும் படும் வண்டி முதல் வண்டிக்கு வேண்டாம். சமதளமான ஷோரூம் தரையில் நுனி பட்டால், சரிவான சாலையிலோ குழியோரத்திலோ எதுவும் படாது.

சீட் உயரம் என்று அச்சிட்டிருக்கும் எண் பாதிக் கதைதான் சொல்லும். அகலமான சீட் தொடைகளை விரித்துக் காலைக் குட்டையாக்கிவிடும். ஒல்லியான சீட் அதே உயரத்திலும் கால் எட்ட விடும். நாம் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு, எவ்வளவு அமுங்குகிறது என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். ஓர் அளவுக்குச் சொல்வதென்றால், ஹோண்டா ரெபெல் 500 சீட் உயரம் 690 மில்லிமீட்டர், கவாசாகி வல்கன் எஸ் 705, இன்டர்செப்டர் 650 சுமார் 804, சுசுகி வி-ஸ்ட்ராம் 650 சுமார் 835. நீங்கள் வழக்கமாகப் போடும் ஷூவோடு போய் உட்கார்ந்து பாருங்கள்.

சீட் ஃபோமைக் குறைக்கலாம், ஆனால் தூரப் பயணத்தில் இடுப்பு வலிக்கும். பின் சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் லிங்க் போடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: வண்டி தாழ்ந்ததும் சைடு ஸ்டாண்டு நீளமாகிவிடும். வண்டி நிமிர்ந்தே நிற்கும், லேசான தள்ளலில் மறுபக்கம் சாய்ந்துவிடும். ஸ்டாண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

200 கிலோ எடைன்னு போட்டிருக்கு. என்னால சமாளிக்க முடியுமா? கீழே விழுந்தா எப்படித் தூக்கறது?

ஓட ஆரம்பித்துவிட்டால் எடை பெரிதாகத் தெரியாது. நிற்கும்போதும், தள்ளும்போதும், நடை வேகத்தில் திருப்பும்போதும்தான் எடை தன்னைக் காட்டும். அந்த எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். கால் முன்னால் நீட்டி உட்காரும் தாழ்வான 200 கிலோ குரூஸர் சாதுவாக இருக்கும். கரடுமுரடான சாலைக்கும் ஏற்ற உயரமான அட்வென்ச்சர் வண்டியில் டேங்க் நிறைந்திருக்கும்போது, 20 லிட்டர் பெட்ரோலே சுமார் 15 கிலோ, அதுவும் உச்சியில். வாங்கும்போது பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்ந்த எடையைக் கேளுங்கள். காலி வண்டியின் எடையைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள்.

நான் முதலில் வண்டியைப் போட்டது ஒரு யூ டர்னில். ஜல்லி சிதறிக் கிடந்த சாலையோரம், நடை வேகம்தான். ஹேண்டில் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பியிருந்தது. எதிரே ஒரு சைக்கிள் வந்ததும் என் வலது கையின் இரண்டு விரல் தானாக முன் பிரேக்கை அழுத்திவிட்டது. முன் சக்கரம் அப்படியே நின்றது, வண்டி உள்பக்கம் மடிந்தது. ஊன்றிய கால் ஜல்லியில் வழுக்கியது. கிளட்ச் லீவர் நுனி உடைந்தது, எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அன்றிலிருந்து ஹேண்டில் திரும்பியிருக்கும் மெதுவான வேகத்தில் பின் பிரேக் மட்டும்தான். புதிதாக ஓட்டுபவர்கள் சொல்லும் முதல் விழுதல் பெரும்பாலும் இதே மாதிரிதான் இருக்கிறது. அதனால் விழும்போது வண்டியைக் காக்கும் கம்பியான கிராஷ் கார்டை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் இன்ஜினை அணைத்து, வண்டி உருளாதபடி கியரில் விடுங்கள். சைடு ஸ்டாண்டு இல்லாத பக்கம் விழுந்திருந்தால், தூக்கும் முன்பே ஸ்டாண்டை வெளியே தள்ளிவிடுங்கள். இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் போட்டுவிடுவோம். ஹேண்டிலை முழுதாகத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட் ஓரத்தில் இடுப்பை வைத்துக் குந்துங்கள். ஒரு கையால் தரைப்பக்கக் கைப்பிடி, மறு கையால் பின்பக்கக் கம்பி. கையால் இழுக்காமல், முதுகை நிமிர்த்தி, தொடை பலத்தால் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். வாங்கும் முன்பே தெரிந்தவர் வண்டியில், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு ஒருமுறை செய்து பாருங்கள்.

குரூஸர், நேக்கட், அட்வென்ச்சர்: முதுகுவலிக்காரனுக்கு எது நல்லது?

குரூஸர்தான் சொகுசு என்று பலர் நினைக்கிறார்கள். கால் முன்னால் நீட்டி உட்காரும்போது உடம்பின் முழுப் பாரமும் வால் எலும்பில் இறங்குகிறது. ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்புக்குப் போகும். கால் கீழே இருந்தால், குழி வரும்போது கொஞ்சம் எழுந்து முழங்காலில் வாங்கிக்கொள்ளலாம். முன்னால் குனிய வைக்கும் ஸ்போர்ட்ஸ் வண்டியில் பாரம் மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் போகும். அதனால் முதுகு நேராக, முழங்கால் அதிகம் மடங்காமல், கால் உடம்புக்கு நேர் கீழே இருக்கும்படி உட்கார வைக்கும் வண்டிதான் என் முதல் தேர்வு. இன்ஜினை மறைக்கும் உறை இல்லாத நிமிர்ந்த நேக்கட், பழைய பாணி ரோட்ஸ்டர், உயரம் ஒத்துவந்தால் சின்ன அட்வென்ச்சர் எல்லாம் இதில் வரும்.

ஆனால் உயரம் குறைந்தவருக்கு, சீட் தாழ்வாக இருப்பதால், குரூஸர் பெரிய நிம்மதி. அப்போது கால் வைக்கும் ஃபுட்பெக்கை முன்பின் மாற்றக்கூடிய வண்டியைப் பாருங்கள். வல்கன் எஸ்ஸில் அந்த வசதி இருக்கிறது.

இன்ஜின்ல சிங்கிள், ட்வின், ஃபோர்னு சொல்றாங்க. எனக்கு எது?

ஒரு சிலிண்டர் உள்ள சிங்கிளோ இரண்டு சிலிண்டர் உள்ள ட்வினோ எடுங்கள். இரண்டிலும் குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைப்பது வழக்கம். கியர் தவறாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். நான்கு சிலிண்டர் 600 சிசி ஸ்போர்ட்ஸ் வண்டிகள் கீழே சாதுவாக இருந்து, சுற்று ஏறியதும் திடீரென்று பாயும். பழகாத கைக்கு அந்தப் பாய்ச்சல் ஆபத்து. சிங்கிளில் அதிர்வு கூடுதல், நெடுநேரம் ஓட்டினால் விரல் மரத்துப்போகும். ட்வினில் அது குறைவு.

டெஸ்ட் ரைடு பத்து நிமிஷம் தர்றாங்க. அதுல என்னத்தைப் பார்க்கறது?

வேகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும். ஏறும் முன்பே, நியூட்ரலில் போட்டு வண்டியைப் பத்து அடி பின்னால் தள்ளுங்கள். பார்க்கிங்கிலிருந்து தினமும் செய்யப்போகிற வேலை அது. பிறகு உட்கார்ந்தபடி சைடு ஸ்டாண்டு காலுக்கு எட்டுகிறதா, ஹேண்டிலை முழுதாகத் திருப்பினால் தூரத்துக் கை இழுபடுகிறதா என்று பாருங்கள்.

ஓட்டும்போது ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெதுவாக விட்டு நகர்த்துங்கள். ஹாஃப் கிளட்ச், அதாவது கிளட்சைப் பாதி விட்ட நிலை, எங்கே பிடிக்கிறது என்று கைக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். காலியிடத்தில் இரண்டு பக்கமும் யூ டர்ன் போடுங்கள். இரண்டாம் கியரில் 20-இல் போகும்போது ஆக்சிலேட்டரை மூடித் திறந்தால் வெட்டி வெட்டி இழுக்கிறதா என்று பாருங்கள்; நெரிசலில் அதுதான் களைப்பூட்டும். கடைசியில் இன்ஜின் ஓட, இரண்டு நிமிடம் நின்ற இடத்திலேயே உட்காருங்கள். தொடையில் ஏறும் சூடு அப்போது தெரியும்.

ஏபிஎஸ், டிராக்ஷன் கண்ட்ரோல், ரைடிங் மோடு: எதுக்குக் காசு கொடுக்கலாம்?

பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாமல் வாங்காதீர்கள், அதுவும் இரண்டு சக்கரத்திலும் இருக்க வேண்டும். மேலே சொன்ன ஹர்ட் ஆய்விலேயே, ஆபத்தில் பெரும்பாலானவர்கள் பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தை வழுக்கவிட்டார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்று இருக்கிறது. வண்டியை நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான். வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் அதைத் தொடாமல் விடுகிறோம். ஏபிஎஸ் அந்தப் பயத்தைக் குறைக்கிறது. 1988-இல் பிஎம்டபிள்யூ கே100-இல் முதலில் வந்தது. ஐரோப்பாவில் 2016 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்குக் கட்டாயம். சாதாரண ஏபிஎஸ் நேராக ஓடும்போதுதான் முழுதாக உதவும், சாய்ந்த வளைவில் அதை நம்பி அழுத்தக் கூடாது. வளைவுக்கும் சேர்த்துக் கணக்கிடும் ஏபிஎஸ் சில வண்டிகளில் உண்டு, கிடைத்தால் நல்லது.

47 குதிரைத்திறனுக்குள் இருக்கும் வண்டியில், பின் சக்கரம் வேகமாகச் சுழன்று வழுக்காமல் தடுக்கும் டிராக்ஷன் கண்ட்ரோல் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் குறையில்லை. இன்ஜின் குணத்தை மாற்றும் மோடு, கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும் குவிக்‌ஷிஃப்டர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காசைப் பயிற்சி வகுப்பில் போடுங்கள்.

கிளட்ச் பிடிச்சா பத்து நிமிஷத்துல கை வலிக்குது. ஆட்டோமேட்டிக் பெரிய பைக் இருக்கா?

இருக்கிறது. ஹோண்டா 2010 வாக்கிலிருந்தே டிசிடி என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸைச் சில மாடல்களில் தருகிறது. கிளட்ச் லீவரே கிடையாது. 2023-இல் ஹோண்டா அறிமுகப்படுத்திய இ-கிளட்ச்சில் லீவர் இருக்கும், தொட வேண்டிய கட்டாயமில்லை. யமஹாவும் 2024-இல், கிளட்ச் லீவர் இல்லாத ஒய்-ஏஎம்டி கியர்பாக்ஸைக் கொண்டுவந்தது. மணிக்கட்டு பலவீனமானவர்கள் தயங்காமல் இவற்றைப் பார்க்கலாம். ஆனால் டிசிடி எடையைக் கூட்டும், நடை வேகத்தில் ஹாஃப் கிளட்சால் வண்டியை அடக்கும் வழியும் இருக்காது. பின் பிரேக்கால்தான் அடக்க வேண்டும்.

அதற்கு முன் சாதாரண வண்டியிலேயே லீவரின் சாய்வை மாற்றிப் பாருங்கள். முன்கையும் விரலும் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி லீவரைக் கொஞ்சம் கீழே இறக்கினாலே பாதி வலி போய்விடும்.

புதுசா, செகண்ட் ஹேண்டா?

முதல் வண்டி எப்படியும் ஒருமுறை கீழே விழும் என்று வைத்துக்கொண்டால், செகண்ட் ஹேண்டில் மனம் குறைவாக வலிக்கும். பிடிக்கவில்லையென்றால் விற்கும்போது நஷ்டமும் குறைவு. பெரிய பைக்குகள் அதிகம் ஓடாமல் விலைக்கு வரும். குறைந்த கிலோமீட்டர் என்பது மட்டும் நல்ல அறிகுறியில்லை. நின்றே கிடந்த வண்டியில் பேட்டரியும் சீலும் டயரும் போயிருக்கும்.

போய்ப் பார்க்கும்போது முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டுங்கள், ஆயில் ஒட்டினால் சீல் போயிற்று. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது மாதிரி நின்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது. லீவர் நுனி, ஹேண்டில் முனை, ஃபுட்பெக் முனையில் சிராய்ப்பு இருந்தால் விழுந்த வண்டி. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும்.

கண்ணாடி போடறேன், பிரஷர் மாத்திரையும் சாப்பிடறேன். இதுக்கும் பைக்குக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம், பைக் ஓட்டப்போகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரையும் இதில் சேரும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள், ஓட்டும்போது சர்க்கரை தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடியோடு ஹெல்மெட் போட்டுப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடிக் காம்பு நேராகவும் மெல்லியதாகவும் இருந்தால்தான் நெற்றிப்பொட்டு அழுந்தாது. டெஸ்ட் ரைடில் மீட்டர் எண் ஒரே பார்வையில் தெரிகிறதா என்று சோதியுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் ஓசையே 90 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் போட்டால் செவியும் தப்பும், களைப்பும் குறையும்.

வீட்டுல பின்னாடி உட்கார்ந்து வரணும்னு ஆசைப்படறாங்க. எப்போ கூட்டிட்டுப் போகலாம்?

நிற்காமல், காலை ஊன்றாமல், இரண்டு பக்கமும் யூ டர்ன் போட வந்த பிறகு. பின்னால் 60 கிலோ ஏறினால் அதுவும் உயரத்தில்தான் ஏறுகிறது; எடை பற்றிச் சொன்னதெல்லாம் இன்னும் கடுமையாகும். பின் சஸ்பென்ஷன் பிரீலோடையும் (ஸ்பிரிங்கின் இறுக்கம்) டயர் காற்றையும் கையேட்டில் சொன்னபடி கூட்டுங்கள். இருவர் போவதுதான் நோக்கம் என்றால், வாங்கும் முன் அவரையும் பின் சீட்டில் உட்கார வைத்துப் பாருங்கள். அழகுக்காக வைத்த கையகலச் சீட்டில் அரை மணி நேரம்கூட யாரும் உட்கார முடியாது.

வாங்கி நாலு மாசம் ஆச்சு. இன்னும் பயமாவே இருக்கு. தப்பான வண்டி எடுத்துட்டேனா?

பயம் எங்கே வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். வளைவில் வருகிறது என்றால் வண்டி மேல் தவறு இருக்க வாய்ப்பு குறைவு. இடப்பக்கம் திரும்ப இடக் கைப்பிடியை முன்னால் மெல்லத் தள்ள வேண்டும். கனமான வண்டி வேகத்தில் இப்படித்தான் சாயும். பார்வை வளைவின் முடிவில் இருக்க வேண்டும். இதைப் பயிற்சியாளர் ஒருவர் அரை நாளில் கையில் ஏற்றிவிடுவார். நண்பர்கள் கூட்டத்தோடு போகும்போது மட்டும் பயம் என்றால், அவர்கள் வேகத்தை விட்டுவிட்டு, அடுத்த நிறுத்தம் எது என்று கேட்டுக்கொண்டு தனியாக வந்து சேருங்கள்.

நிற்கும்போதும் திருப்பும்போதும்தான் பயம் என்றால், சீட், லீவர், டயர் காற்று, சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் சரிசெய்து, காலியிடத்தில் வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம் மெதுவாக எட்டு போட்டுப் பழகுங்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகும் வெளியே எடுக்கும் முன் வயிறு இறுகினால், விற்றுவிட்டு 30, 40 கிலோ குறைந்த வண்டிக்கு மாறுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் 52 வயதில் அப்படித்தான் செய்தார். பெரிய அட்வென்ச்சர் வண்டியை விற்றுவிட்டு 400 சிசி சிங்கிள் வாங்கினார். முன்பு மாதத்துக்கு இரண்டு முறை எடுத்தவர், இப்போது வேலைக்கே அதில்தான் போகிறார்.